கர்ப்பப்பையோடு சினைப்பையும் போனது: ஒரு காசிமேட்டு மீன்காரம்மாவின் தூக்கமும் கணக்கும்

தண்டையார்பேட்டையில் என் கிளினிக்குக்கு வந்த ஒருவரைப் பற்றிய குறிப்பு இது. அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன், ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான் மகப்பேறு நிபுணர் இல்லை, பொது மருத்துவர். சர்க்கரை, பிரஷர், காய்ச்சல் என்று வருகிறவர்களைப் பார்ப்பதுதான் அன்றாட வேலை. ஆனால் 40-ஐத் தாண்டிய பெண்கள் "தூக்கம் வர்ல, மறதியா இருக்கு" என்று முதலில் வந்து நிற்பது எங்களைப் போன்றவர்களிடம்தான், நரம்பியல் மருத்துவரைத் தேடிப் போவதெல்லாம் அதற்கு ரொம்ப நாள் கழித்துத்தான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அவருக்கு வயது 42. எட்டாம் வகுப்பு வரை படித்தவர். விடியற்காலையில் காசிமேட்டில் ஏலம் எடுத்து, ஐஸ் போட்டு, ஷேர் ஆட்டோவில் கூடையை ஏற்றி வந்து, வண்ணாரப்பேட்டைப் பக்கம் வாடிக்கையாக வாங்கும் வீடுகளில் விற்கிறார். கணவர் துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறார். இரண்டு மகள்கள், மூத்தவளுக்கு ஒரு கைக்குழந்தை. வந்தது மே மாதம். கூட வந்த இளைய மகள்தான் முதலில் பேசினாள்: "எங்க ஆயாவுக்கு கடைசி காலத்துல ஆளே அடையாளம் தெரியாம போச்சு டாக்டர். அம்மாவுக்கும் அதான் ஆரம்பிக்குதான்னு பயமா இருக்கு."

அவர் சொன்னது இது: "நடுராத்திரி குப்புனு வேர்த்துக் கொட்டுது டாக்டரம்மா, ஃபேனை மூஞ்சாண்ட வெச்சாலும் அடங்கல. அப்புறம் விடியற வரைக்கும் முழிச்சினே இருப்பேன். பகல்ல மண்டையில ஒண்ணுமே நிக்க மாட்டுது. யாராண்ட எவ்ளோ துட்டு வரணும்னே தெரியல."

அந்தக் கடைசி வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. முப்பது, நாற்பது வீட்டு பாக்கியை இருபது வருஷமாக மனசிலேயே வைத்து வசூல் செய்தவர். எந்த வீட்டில் சங்கரா, எந்த வீட்டில் நெத்திலி, யார் ஒண்ணாம் தேதி தருவார், யாரை ரெண்டு தடவை கேட்க வேண்டும், எல்லாம் தலைக்குள்தான். இப்போது மகள் ஒரு நோட்டு போட்டுக் கொடுத்திருக்கிறாள், அதில் எழுதவும் மறந்துபோகிறது, அல்லது கொடுத்து முடித்தவரிடமே மறுபடி பாக்கி கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்கிறார். படிக்காத ஒருவருக்கு மறதி வந்தால் நாம் அதைச் சட்டென்று குறைவாக எடை போட்டுவிடுகிறோம். இவர் தலையில் சுமந்த கணக்கை ஒரு வாரம் நம்மைச் சுமக்கச் சொன்னால் தெரியும்.

மற்றவற்றைக் கேட்டுக் கேட்டு வாங்கினேன். அடுப்பில் வைத்ததை மறப்பது, பேசிக்கொண்டே இருக்கும்போது ஒரு சாதாரண சொல் வாய்க்கு வராமல் நிற்பது, மூட்டு வலி, காரணமில்லாத கோபம், அப்புறம் அழுகை. படுத்தவுடன் கால் குடைச்சல், எழுந்து நடந்தால்தான் அடங்கும். தூக்கத்துக்காக மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய அல்பிரசோலம் அரை மில்லிகிராம், சில நாள் ரெண்டு. ஏழெட்டு மாதமாக. சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மருந்து அது என்பதை இங்கே சொல்லி என்ன பயன்.

எப்போதிலிருந்து என்று கேட்டபோது மகள் யோசிக்காமல் சொன்னாள், "ஆபரேஷனுக்கு அப்புறம்." பதினான்கு மாதங்களுக்கு முன்னால், அதிக உதிரப்போக்குக்காகவும் நார்க்கட்டிக்காகவும் ஒரு தனியார் மருத்துவமனையில் கர்ப்பப்பை எடுத்திருக்கிறார்கள். சினைப்பைகளை விட்டுவைத்தார்களா என்று கேட்டேன். இருவருக்கும் தெரியவில்லை. மறுநாள் பாலிதீன் கவரில் டிஸ்சார்ஜ் சீட்டும் பயாப்சி ரிப்போர்ட்டும் வந்தன. டிஏஹெச் வித் பிஎஸ்ஓ என்று ஒரே வரி. வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையோடு இரண்டு கருக்குழாய்களையும் இரண்டு சினைப்பைகளையும் சேர்த்து எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பயாப்சியில் நார்க்கட்டி, சினைப்பை இரண்டும் இயல்பு. குடும்பத்தில் மார்பகப் புற்றோ சினைப்பைப் புற்றோ யாருக்கும் இல்லை. ஏன் எடுத்தார்கள் என்பதற்கு அவருக்கு நினைவிருந்த பதில், "எப்டியும் திறக்கறோம், பின்னாடி கேன்சர் வராம இருக்கும்னாங்க." எடுத்தால் உடம்பில் என்ன மாறும் என்பதை யாரும் சொல்லவில்லை, அதற்குப் பிறகு ஹார்மோன் மாத்திரை எதுவும் எழுதப்படவும் இல்லை.

தடைக்காலம் கொடுத்த விடை

இந்த இடத்தில் ஒரு சிக்கல். இரவு ரெண்டு மணிக்கு எழுந்து ஏலத்துக்கு ஓடுகிறவருக்குத் தூக்கம் கெட்டிருக்கிறது என்றால், தொழிலைத்தான் யாரும் முதலில் குறை சொல்வார்கள். இதற்கு முன் பார்த்த ஒருவர் "இந்த வேலைய விட்டுடுங்க, சரியாயிடும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். இரவுப் பணியும் அரைகுறைத் தூக்கமும் நினைவாற்றலைக் கெடுக்கும் என்பது உண்மைதான், அந்த யோசனை முட்டாள்தனம் இல்லை.

ஆனால் அவர் வந்தது மே மாதம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த இரண்டு மாதமும் அவர் ஏலத்துக்குப் போவதில்லை, வீட்டு வாசலில் கருவாடு விற்பார், காலை ஆறு மணி வரை படுத்திருக்கலாம். முந்தைய வருடங்களில் தடைக்காலம் வந்தாலே "செத்த பொணம் மாதிரி தூங்குவேன்" என்றார். இந்தத் தடவை எழுந்துபோக வேண்டிய அவசியமே இல்லாமல் இரவு பதினொன்றரைக்கு ஒரு தடவை, ஒரு மணிக்கு ஒரு தடவை, மூன்றுக்கு ஒரு தடவை, ஒவ்வொரு முறையும் கழுத்திலிருந்து சூடு ஏறி, நெஞ்சு படபடத்து, நைட்டி நனைந்து விழிப்பு. தொழில்தான் காரணம் என்றால் தொழில் நின்ற மாதத்தில் சரியாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. எந்த லேப் ரிப்போர்ட்டையும்விட இதுதான் எனக்கு வழி காட்டியது.

மே மாதச் சென்னைப் புழுக்கமும் சிமென்ட் ஷீட் போட்ட வீடும் காரணமா என்பதையும் கேட்டேன். அதே அறையில் படுக்கும் மகளுக்கு வேர்க்கிறது, ஆனால் அவள் எழுவதில்லை. போன டிசம்பரில், மழைக்காலத்திலும் அம்மா போர்வையை உதறிவிட்டு வாசலில் போய் உட்கார்ந்ததை அவளே சொன்னாள்.

பரிசோதனைகள்

ரத்த அழுத்தம் 138/86. எடை உயரக் கணக்கு 29. குறட்டை உண்டு, மூச்சு நின்று திணறி எழுவது இல்லை. கை, கால், நடை, பேச்சு, கண், எல்லாம் நரம்பியல் ரீதியாக இயல்பு. ஹீமோகுளோபின் 11.8, ஃபெரிட்டின் 14, அதாவது பல வருட உதிரப்போக்கில் காலியான இரும்புச் சேமிப்பு இன்னும் நிரம்பவில்லை, கால் குடைச்சலுக்கு ஒரு காரணம் அங்கே கிடைத்தது. பி12 நன்றாக இருந்தது, தினமும் மீன் சாப்பிடுகிறவருக்கு அது குறைந்திருந்தால்தான் ஆச்சரியம். தைராய்டு இயல்பு. மூன்று மாத சர்க்கரை 5.9, எல்லையில் நிற்கிறது. சினைப்பையை வேலை செய்யத் தூண்டும் ஹார்மோனான எஃப்எஸ்ஹெச் 78, ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வகையான எஸ்ட்ரடயால் 15 பிகோகிராமுக்கும் கீழே. சினைப்பைகள் இல்லை என்று தெரிந்த பிறகு இந்தக் கடைசி இரண்டும் கட்டாயம் இல்லை, ஆனால் மகளுக்குக் காட்டிப் புரியவைக்க உதவியது.

நினைவையும் யோசிக்கும் திறனையும் பார்க்கும் தமிழ் மோகா தேர்வில் 30-க்கு 23, பள்ளிப்படிப்பு குறைவு என்பதற்காகச் சேர்க்கும் ஒரு மதிப்பெண்ணோடு 24. எண்ணைவிட எங்கே தவறினார் என்பதுதான் விஷயம். ஐந்து சொற்களைச் சொல்லி சற்று நேரம் கழித்துக் கேட்டதில் ஒன்றுதான் தானாக வந்தது. "உடம்புல ஒரு பாகம்", "ஒரு நிறம்" என்று குறிப்பு கொடுத்தவுடன் மேலும் மூன்று வந்துவிட்டன. அப்படியென்றால் சொற்கள் உள்ளே பதிந்திருக்கின்றன, எடுக்கத்தான் முடியவில்லை. அல்சைமரில் பொதுவாகக் குறிப்பு கொடுத்தாலும் அவ்வளவாக வராது, ஏனென்றால் பதிவே நடந்திருக்காது. இது கறாரான விதி இல்லை, ஆனால் 42 வயதில், திடீரென்று ஒரு ஆபரேஷனுக்குப் பின் ஆரம்பித்து, தூக்கம் கெட்ட மறுநாள் கூடி, நல்ல நாளில் குறைகிற மறதி, அல்சைமர் மாதிரி நடந்துகொள்ளவில்லை.

மனச்சோர்வுக்கான பிஹெச்க்யூ கேள்வித்தாளில் 11, நடுத்தரம். மகள் எம்ஆர்ஐ எடுக்கலாமா என்று கேட்டாள். எடுக்கவில்லை. எடுத்திருந்தால் இயல்பு என்று வந்திருக்கும், ஐந்தாறாயிரம் போயிருக்கும். ஆறு மாதத்தில் மாற்றம் இல்லாவிட்டாலோ புதிதாக ஏதாவது அறிகுறி வந்தாலோ எடுப்போம் என்று சொன்னேன்.

என்ன நடக்கிறது உள்ளே

இயல்பாக மாதவிடாய் நிற்கும்போது ஹார்மோன் சில வருடங்களில், ஏறியும் இறங்கியும், தடுமாறித் தடுமாறிக் குறைகிறது. நம் நாட்டுப் பெண்களுக்கு அது சராசரியாக 46, 47 வயதில் முடிகிறது. நின்ற பிறகும் சினைப்பை கொஞ்சம் ஆண்ட்ரோஜன் ஹார்மோனைச் சுரந்துகொண்டிருக்கும். ஆபரேஷனில் இரண்டையும் எடுத்துவிட்டால் அந்த இறக்கம் ஓரிரு நாளில் முடிந்துவிடுகிறது, ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், டெஸ்டோஸ்டிரோனில் ஏறக்குறைய பாதி, மூன்றும் சேர்ந்து. மூளைக்கு அவகாசமே கிடைப்பதில்லை.

முதலில் அடி விழுவது மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸில். அங்கே கிஸ்பெப்டின், நியூரோகைனின் பி, டைனார்ஃபின் என்ற மூன்றையும் சுரக்கும் நரம்பணுக்கள் ஒரு கொத்தாக இருக்கின்றன, அவற்றை அடக்கி வைத்திருப்பது ஈஸ்ட்ரோஜன். அது போனதும் அவை பருத்து, அளவுக்கு மீறி வேலை செய்து, பக்கத்திலேயே இருக்கும் உடல்வெப்பக் கட்டுப்பாட்டைக் கிளறிவிடுகின்றன. வழக்கமாக உடம்பு தாங்கிக்கொள்ளும் வெப்ப ஏற்ற இறக்கத்தின் எல்லை குறுகிப்போய், மலிவான ஸ்டெபிலைசர் கொஞ்சம் வோல்டேஜ் ஏறினாலே கரண்டை வெட்டுவது போல, துளி சூடு ஏறினாலும் மூளை அவசர நடவடிக்கையில் இறங்குகிறது: ரத்தக் குழாய் விரிவு, வேர்வை, படபடப்பு, விழிப்பு. இந்த வழியை நேரடியாக அடைக்கும் ஃபெசோலினெடன்ட் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் 2023-இல் அனுமதி கிடைத்தது. ஹார்மோன் இல்லாத மருந்து. அந்த நரம்பணுக்கள்தான் குற்றவாளி என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

தூக்கத்துக்கு இன்னொரு இழப்பும் உண்டு. புரோஜெஸ்டிரோன் மூளையில் அல்லோபிரெக்னனலோன் என்ற பொருளாக மாறி, நரம்பணுக்களின் வேகத்தைக் குறைக்கும் காபா ஏற்பியில் போய் உட்கார்ந்து மெல்ல அமைதிப்படுத்தும். அல்பிரசோலமும் அதே காபா ஏற்பியைத்தான் பிடிக்கிறது, வேறொரு இடத்தில், முரட்டுத்தனமாக. அது தூங்கவைப்பதுபோல் தெரிந்தாலும் ஆழ்தூக்கத்தைக் குறைக்கிறது, புதிய விஷயங்கள் நினைவில் பதிவதையும் கெடுக்கிறது. ஆக, மறதிக்குக் காரணமான தூக்கமின்மைக்கு, மறதி தரும் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். தப்பு அவர் மேல் இல்லை, கேட்டதற்கு அதுதான் கிடைத்தது.

நினைவு விஷயத்துக்கு வருவோம். புதிய நினைவுகளை உருவாக்கும் ஹிப்போகேம்பஸிலும், யோசித்துத் திட்டமிடும் முன்மூளையிலும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகள் நிறைய இருக்கின்றன, பெண் எலிகளில் சினைப்பையை எடுத்தால் ஹிப்போகேம்பஸில் நரம்பணுக்களின் இணைப்பு முட்கள் குறைகின்றன, ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் திரும்ப வருகின்றன. மனிதர்களில் இதை முதலில் கவனமாகச் சோதித்தவர்களில் ஒருவர் மான்ட்ரியலைச் சேர்ந்த பார்பரா ஷெர்வின். சினைப்பை எடுக்கப்பட்ட பெண்களில் ஹார்மோன் பெற்றவர்கள் நினைவுத் தேர்வுகளில் தாக்குப்பிடித்தார்கள், போலி மருந்து பெற்றவர்களின் மதிப்பெண் இறங்கியது, 1988-இல் வெளியிட்டார். டொரன்டோவில் கில்லியன் ஐன்ஸ்டைன் குழு, மார்பகப் புற்றும் சினைப்பைப் புற்றும் வரும் ஆபத்தைக் கூட்டும் பிஆர்சிஏ மரபணு மாற்றத்துக்காக இளம் வயதில் சினைப்பை எடுத்தவர்களைத் தொடர்ந்து ஆராய்கிறது, அவர்களிடமும் சொல் நினைவிலும், ஒரு வேலையைச் செய்யும்போதே விவரங்களை மனசில் பிடித்துவைக்கும் வேலை நினைவிலும் குறை தெரிகிறது. சிகாகோவில் பாலின் மேக்கி தோலில் கருவி ஒட்டி, இப்படித் திடீரென்று ஏறும் சூட்டை, அதாவது வெப்ப அலைகளை, எண்ணினார். பெண்கள் தாங்களாகச் சொல்வதைவிட அலைகள் அதிகம், அலைகள் கூடக்கூட சொல் நினைவு குறைகிறது. இந்த அம்மாவும் "ராத்திரிக்கு மூணு தபா" என்றார். உண்மையில் எத்தனையோ.

தூக்கத்துக்கும் மூளை ஆரோக்கியத்துக்கும் நேரடித் தொடர்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். 2013-இல் மைக்கன் நெடர்கார்டின் குழு, தூங்கும் எலியின் மூளையில் அணுக்களுக்கு இடையிலான வெளி விரிந்து, அல்சைமரில் மூளையில் படியும் புரதமான பீட்டா அமிலாய்ட் உள்ளிட்ட கழிவுகள் வேகமாக வெளியேறுவதைக் காட்டியது. இதை வைத்து "தூங்காவிட்டால் அல்சைமர்" என்று பயமுறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். எலியிலிருந்து வண்ணாரப்பேட்டைக்கு அவ்வளவு சீக்கிரம் வர முடியாது.

ஆயாவுக்கு வந்தது அம்மாவுக்கும் வருமா

மகளின் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அமெரிக்காவின் மின்னசோட்டாவில், மேயோ கிளினிக்கைச் சேர்ந்த வால்டர் ரோக்கா 2007-இல் வெளியிட்ட ஆய்வுதான் இதில் அதிகம் பேசப்படுவது. 1950-க்கும் 1987-க்கும் இடையில், மாதவிடாய் நிற்கும் முன்பே ஒன்றோ இரண்டோ சினைப்பை எடுக்கப்பட்ட சுமார் 1,500 பேரையும், அதே வயதில் எடுக்கப்படாத ஏறக்குறைய அதே எண்ணிக்கையிலானவர்களையும் பல பத்தாண்டுகள் கழித்து விசாரித்தார்கள். எடுக்கப்பட்டவர்களுக்கு அறிவுத்திறன் குறைவோ டிமென்ஷியா என்ற மறதி நோயோ வரும் ஆபத்து ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. எடுத்த வயது குறையக் குறைய ஆபத்து கூடியது. ஆனால் இரண்டையும் 49 வயதுக்கு முன்பு எடுத்தவர்களில், குறைந்தது 50 வயது வரை ஈஸ்ட்ரோஜன் எடுத்துக்கொண்டவர்களிடம் அந்தக் கூடுதல் ஆபத்து தெரியவில்லை.

அவளுக்கு நான் இப்படித்தான் சொன்னேன்: ஒன்றரை மடங்கு என்பது "கட்டாயம் வரும்" இல்லை, பெரும்பாலோருக்கு வரவில்லை. இது பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு, சோதனை ஆய்வு அல்ல, ஆபரேஷனுக்குப் போனவர்கள் வேறு வகையிலும் வேறுபட்டிருக்கலாம். ஆயாவுக்கு வந்தது 75-க்கு மேல், அது வேறு கதை. இப்போது அம்மாவுக்கு இருப்பது டிமென்ஷியா இல்லை. ஆனால் 42 வயதில் ஹார்மோன் இல்லாமல் இன்னும் ஏழெட்டு வருஷம் ஓட்டுவது மூளைக்கும் இதயத்துக்கும் எலும்புக்கும் நல்லதல்ல, அதை இப்போதே சரிசெய்ய முடியும்.

உடனே அடுத்த கேள்வி: "ஹார்மோன் மாத்திரை சாப்ட்டா கேன்சர் வரும்னு சொல்றாங்களே?" இந்தப் பயத்தின் வேர் 2002-இல் பாதியில் நிறுத்தப்பட்ட அமெரிக்க ஆய்வான டபிள்யூஹெச்ஐ. அதில் இருந்தவர்களின் சராசரி வயது 63, மாதவிடாய் நின்று பல வருஷம் ஆனவர்கள். கொடுத்தது குதிரைச் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜனும் ஒரு செயற்கைப் புரோஜெஸ்டினும். மார்பகப் புற்று கூடியது அந்த இரண்டும் சேர்ந்த பிரிவில்தான், கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த பிரிவில் கூடவில்லை. அதன் கிளை ஆய்வில் 65 வயதுக்கு மேல் இரண்டு ஹார்மோனும் சேர்த்து ஆரம்பித்தவர்களுக்கு டிமென்ஷியா இரண்டு மடங்கானது. 65 வயதில் புதிதாக ஆரம்பிப்பதும், 42 வயதில் இருக்க வேண்டியதைத் திருப்பிக் கொடுப்பதும் ஒன்றில்லை. அந்த வேறுபாடு இருபது வருடத்துக்குப் பின்னும் நம் மருத்துவர்களில் பலருக்கே எட்டவில்லை என்பது என் ஆதங்கம்.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. இயல்பாக மாதவிடாய் நின்ற, ஐம்பதுகளில் இருக்கும் பெண்களுக்குச் சீக்கிரமே ஹார்மோன் ஆரம்பித்துப் பார்த்த கீப்ஸ், எலைட் ஆய்வுகளில் நினைவாற்றலுக்குக் கெடுதலும் இல்லை, நன்மையும் இல்லை. எனவே ஈஸ்ட்ரோஜன் ஞாபக சக்தி டானிக் கிடையாது. அப்படி விற்கிறவர்களிடம் பர்ஸைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கொடுத்த சிகிச்சை

மார்பகப் புற்று, ரத்தக்கட்டு, பக்கவாதம், கல்லீரல் நோய் எதுவும் முன்பு இல்லை. மேமோகிராம் இயல்பு. மகப்பேறு மருத்துவர் ஒருவரோடு பேசி எஸ்ட்ரடயால் ஜெல், தினம் இரண்டு பம்ப் என்று ஆரம்பித்தோம். மாத்திரை இதைவிட மலிவு, அதைக் கொடுத்திருந்தாலும் தவறில்லை. அழுத்தம் எல்லையில் இருப்பதாலும் எடையாலும் தோல் வழி எனக்குப் பாதுகாப்பாகப் பட்டது, கல்லீரலைச் சுற்றிப் போவதால் ரத்தம் உறையும் ஆபத்து குறைவு. கர்ப்பப்பை இல்லை, அதன் உள்சவ்வு வேறு இடங்களில் வளரும் எண்டோமெட்ரியோசிஸும் இல்லை, அதனால் புரோஜெஸ்டிரோன் அவசியமில்லை.

ஜெல்லை எப்போது, எங்கே பூசுவது என்பதில்தான் அதிக நேரம் பேசினோம். காலையில் பூசினால் உப்புத் தண்ணீரும் ஐஸும் வேர்வையுமாக இருப்பார். எனவே விற்று முடித்து, மதியம் குளித்து, உடம்பு காய்ந்த பிறகு தொடையில். ஒரு மணி நேரம் கழுவக் கூடாது, பூசிய இடம் பேரக்குழந்தை மேல் படக் கூடாது, கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். முதலில் சிரித்தார், "இன்னா டாக்டரம்மா, க்ரீம் பூசி தூக்கம் வருமா?"

இரும்புச்சத்து மாத்திரை, ஒருநாள் விட்டு ஒருநாள், டீயோடு சேர்க்காமல். அல்பிரசோலத்தை உடனே நிறுத்தவில்லை. திடீரென்று விட்டால் தூக்கம் இன்னும் கெடும், சிலருக்கு வலிப்பே வரும். இரண்டு வாரத்துக்கு ஒரு படி என்று குறைத்து, ஆகஸ்ட் கடைசியில் நிறுத்தினோம். மனச்சோர்வுக்குத் தனி மருந்து ஆரம்பிக்காமல் ஆறு வாரம் பொறுத்துப் பார்ப்பது என்று முடிவு.

தூக்கப் பழக்கத்துக்கு நகரத்து ஆலோசனைகள் இவருக்குப் பொருந்தாது. "இரவு பத்து முதல் ஆறு வரை தூங்குங்கள்" என்றால் தடைக்காலம் முடிந்ததும் பட்டினிதான். அதனால் தூக்கத்தை இரண்டாகப் பிரித்தோம், இரவு எட்டரை முதல் இரண்டு வரை ஒன்று, மதியம் இரண்டரை முதல் நான்கு வரை ஒன்று, தடைக்காலத்திலும் அதே நேரம். படுத்துப் புரண்டு இருபது நிமிஷம் ஆகிவிட்டால் எழுந்து வாசலில் உட்கார்ந்து, தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது மட்டும் திரும்ப வருவது. மதியத்துக்கு மேல் டீ கிடையாது, இதற்குத்தான் பெரிய சண்டை. எட்டரைக்கு சீரியல் சத்தம் நிற்க வேண்டும் என்பதை மகள்கள் ஏற்றுக்கொண்டது சிகிச்சையில் பாதி.

என்ன ஆனது

மூன்றாவது வாரத்தில் இரவுச் சூடு குறைந்தது, ஆறாவது வாரத்தில் வாரத்துக்கு ஓரிரு தடவை என்றானது. கால் குடைச்சல் மெதுவாக, இரண்டு மாதத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு போனது. ஜூன் பாதியில் படகுகள் மறுபடி கடலுக்குப் போயின, இரண்டு மணி எழுகை திரும்ப ஆரம்பித்தது, எனக்கு உள்ளூரப் பதற்றம், ஆனால் தூக்கம் கெடவில்லை. அலாரத்துக்கு எழுந்தார், வேர்வைக்கு எழவில்லை. பிஹெச்க்யூ 5-க்கு இறங்கியது, மனச்சோர்வு மருந்து தேவைப்படவில்லை.

நினைவு கடைசியாக வந்தது. அல்பிரசோலம் நின்ற பிறகு, செப்டம்பரில்தான் மகள் "நோட்டைப் பார்க்காமலே சொல்லுது" என்றாள். மோகா 27. ஒரே தேர்வை இரண்டாம் முறை எழுதும்போது பழக்கத்தால் ஒன்றிரண்டு கூடும் என்பதையும் சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும். சொல் வாய்க்கு வராமல் நிற்பது இன்னும் இருக்கிறது, முன்புபோல் இல்லை, ஆனால் இருக்கிறது. நோட்டை வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

எது வேலை செய்தது? ஜெல்லா, இரும்பா, மாத்திரை நிறுத்தமா, நேரப் பிரிப்பா? ஒரே நோயாளி, ஏறக்குறைய ஒரே சமயத்தில் நான்கு மாற்றங்கள், பிரித்துச் சொல்ல வழியில்லை. வேர்வை நின்ற வேகத்தைப் பார்த்தால் அது ஈஸ்ட்ரோஜன், நினைவு திரும்பிய காலத்தைப் பார்த்தால் அல்பிரசோலம் போனதற்குப் பெரிய பங்கு என்பது என் கணிப்பு. யாராவது ஜெல் மட்டும்தான் எல்லாவற்றையும் சரிசெய்தது என்று இந்தக் கேஸை மேற்கோள் காட்டினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எடுக்கத்தான் வேண்டுமா

கர்ப்பப்பை எடுப்பது சில சமயம் சரியான முடிவு, இவருக்கும் இருந்திருக்கலாம், அந்த உதிரப்போக்கில் அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. நான் கேட்பது சினைப்பையைப் பற்றி மட்டும். பிஆர்சிஏ மாற்றம் உள்ளவர்களுக்கு 40-ஐ ஒட்டி எடுப்பது உயிர் காக்கும், அதில் விவாதமில்லை. அப்படிப்பட்ட ஆபத்து இல்லாதவர்களுக்கு? அமெரிக்க நர்ஸ்கள் ஆய்வில், கர்ப்பப்பை எடுத்த 29,000-க்கும் மேற்பட்டவர்களை 24 வருடம் பின்தொடர்ந்து 2009-இல் வெளியிட்டார்கள். சினைப்பையும் எடுத்தவர்களுக்குச் சினைப்பைப் புற்றும் மார்பகப் புற்றும் குறைந்தன, ஆனால் இதய நோயும் மொத்த மரணமும் கூடின, எந்த வயதுப் பிரிவிலும் எடுத்ததால் ஆயுள் கூடவில்லை. சினைப்பைப் புற்று என்று நாம் சொல்வதில் கணிசமான பங்கு கருக்குழாய் முனையில் ஆரம்பிக்கிறது என்று இப்போது தெரிவதால், குழாய்களை மட்டும் எடுத்துச் சினைப்பையை விட்டுவைக்கும் வழியும் இருக்கிறது.

ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் கர்ப்பப்பை அகற்றம் நாட்டிலேயே அதிகம் என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு காட்டுகிறது, மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களுக்கு நடந்தது 2019-இல் செய்தியானது. தேவையற்ற அகற்றங்களைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2022-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது, 2023-இல் உச்ச நீதிமன்றம் அதை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது. இதெல்லாம் கர்ப்பப்பை பற்றிய கணக்கு. அதோடு எத்தனை சினைப்பைகள் போயின, எத்தனை பேருக்கு அதற்குப் பதில் ஹார்மோன் எழுதப்பட்டது என்பதையும் யாராவது கேட்க வேண்டும்.

என் கிளினிக்கில் இப்போது ஒரு வழக்கம் உண்டு. 50 வயதுக்குள் உள்ள எந்தப் பெண் தூக்கமின்மை, மறதி, படபடப்பு என்று வந்தாலும், ஆபரேஷன் ஆயிருக்கா என்று கேட்டு, ஆயிருந்தால் டிஸ்சார்ஜ் சீட்டைக் கொண்டுவரச் சொல்லி, அந்த ஒரு வரியை நானே படிக்கிறேன். தூக்க மாத்திரை எழுதுவதற்கு முன்னால். அரசு மருத்துவமனையில் செய்துகொண்டவராக இருந்தாலும், சீட்டைத் தொலைத்துவிட்டிருந்தாலும், ரத்தத்தில் எஃப்எஸ்ஹெச் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும்.

இந்த அம்மாவுக்கு அடுத்து எலும்பு அடர்த்தி ஸ்கேன், கொழுப்பு, அழுத்தம், வருடத்துக்கு ஒரு தடவை சர்க்கரை. குறட்டை கூடினால் தூக்க மூச்சுத்திணறல் சோதனை, மாதவிடாய் நின்ற பின் அது பெண்களுக்குக் கூடுகிறது. ஜெல் குறைந்தது 50 வயது வரை, அதற்குப் பின் இருவரும் உட்கார்ந்து பேசி முடிவெடுப்போம். போன வாரம் தன் நாத்தனாரைக் கூட்டிவந்தார், அவருக்கு 44, நார்க்கட்டி, அடுத்த மாதம் ஆபரேஷன் தேதி கொடுத்திருக்கிறார்கள். சர்ஜனிடம் கேட்க வேண்டியவற்றை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன்: சினைப்பையை எடுக்கப் போகிறீர்களா, ஏன், எடுத்தால் பிறகு ஹார்மோன் யார் எழுதித் தருவார்கள்.